சுவர் பார்க்க வந்தவர்கள்

போன வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டு ஹாலில் ஆறு ஆண்கள் கைகூப்பி நின்றார்கள். எதிரே சாமி படம் கிடையாது, விளக்கு கிடையாது. சுவர். வெறும் சுவர்!

வெறும் சுவர் என்று நான்தான் சொல்கிறேன். பார்த்தவர்கள் அப்படிச் சொல்வதில்லை... அதுதான் பிரச்னை.

ஆரம்பித்து வைத்தது என் மனைவி சரோஜா. பாப்பாவோடு சென்னையிலிருந்து அவள் ஷார்ஜாவுக்கு வந்து இன்னும் வருஷம் ஆகவில்லை. இங்கே ரோடு மண் நிறம், கட்டடம் மண் நிறம், காலையில் துடைத்த கார் மாலைக்குள் மண் நிறம். வீட்டுக்குள் வந்தாலோ நாலு பக்கமும் வெள்ளை. "ஆஸ்பத்திரில படுத்திருக்கற மாதிரி இருக்குங்க. ஒரு சுவராவது செவப்பா இருக்கட்டும்" என்றாள்.

சிவப்பா? தபாலாபீஸ் போல இருக்கும் என்றேன். தீயணைப்பு நிலையம் என்றேன். கட்சி ஆபீஸ் என்றுகூடச் சொல்லிப் பார்த்தேன். கல்யாணமானவர்களுக்குத் தெரியும், இதெல்லாம் எங்கே எடுபடும்? பெயிண்ட் கடையில் கலர் கார்டை நீட்டினார்கள். சிவப்பிலேயே எத்தனை வகை! ஒவ்வொன்றும் ஸ்டாம்பு சைஸ். ஸ்டாம்பு சைஸில் எல்லாச் சிவப்பும் சாதுவாகத்தான் தெரிகிறது. இருப்பதிலேயே அழுத்தமான ஒன்றின் மேல் சரோஜா விரலை வைத்தாள். இரண்டு டின் வாங்கினோம்.

ஒரு மூலையில் அடித்துப் பார்த்ததும் விஷயம் புரிந்தது. சிவப்பு ஒரு கோட் பெயிண்ட்டில் அடங்குகிற நிறம் இல்லை. முதல் கோட்டில் ரோஸ் மில்க் சிந்திய மாதிரி இருந்தது. மூன்று கோட் அடித்தால்தான் கார்டில் பார்த்த சிவப்பு வருகிறது. கையில் இருப்பது முழுச் சுவருக்குக் காணவே காணாது. கடையிலும் அந்த ஷேட் தீர்ந்துவிட்டது. அடுத்த சரக்கு கப்பலில் இருக்கிறது. கப்பல், துறைமுகத்தில் இடம் கிடைக்காமல் கடலில் நிற்கிறது. எப்போது வரும்? இன்ஷா அல்லா.

அப்போதுதான் என் இன்ஜினீயர் மூளை வேலை செய்தது. முழுச் சுவர் எதற்கு? மேலிருந்து கீழாக ஒரு பட்டை சிவப்பு, ஒரு பட்டை பழைய வெள்ளை. பெயிண்ட்டும் போதும், பார்க்கவும் மாடர்ன்! டேப் வைத்து அளந்து, கோடு போட்டு, முட்டி தேய உட்கார்ந்து அடித்து முடித்தேன். பின்னால் நகர்ந்து நின்று பார்த்தேன்...

கோயில் மதில்! சாட்சாத் நம் ஊர்க் கோயில் மதில், காவியும் வெள்ளையுமாக எங்கள் ஹாலில் நிற்கிறது. சரோஜா சுவரைப் பார்த்தாள், சோபாவைப் பார்த்தாள். பிறகு, "பிரகாரத்துல யாரோ சோபா போட்டுட்டுப் போயிட்டாங்க" என்றாள்.

அதோடு நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். இருந்தேனா? நான் வேலை பார்ப்பது ஜெபல் அலியில், புதுத் துறைமுகம் தோண்டுகிற சைட்டில். டீ நேரத்தில் இந்தக் கதையைச் சொல்லிச் சிரித்தேன். எல்லாரும் சிரித்தார்கள் – முத்தையாவைத் தவிர. புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்திருக்கும் கொத்தனார் அவர். வீடு எங்கே இருக்கிறது என்று மட்டும் விசாரித்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை பகலில் அவரும், தொழிலாளர் கேம்ப்பில் அவரோடு தங்கியிருக்கும் ஐந்து பேரும் எங்கள் வாசலில் நின்றார்கள். துவைத்த சட்டை, நெற்றியில் விபூதி, கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். துபாயில் கோயில் இருக்கிறது, இல்லாமல் இல்லை. ஆனால் அதற்கு நம் ஊர் மதில் கிடையாதே.

"நம்மூரு கோயில் செவுரு மாதிரி இருக்குன்னு சொன்னீங்களே சார். ஊருக்குப் போயி ரொம்ப நாளாச்சு... ஒரு தடவ பாத்துட்டுப் போயிடறோம்" என்றார் முத்தையா.

எப்படி வேண்டாம் என்பது? உள்ளே வந்து சுவரைப் பார்த்ததும் ஆறு பேரின் கையும் தானாகக் கூப்பிக்கொண்டது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்த நேரம் பார்த்து காலிங் பெல் அடித்தது. கதவைத் திறந்தால் அர்பாப்! வீட்டுச் சொந்தக்காரரை இங்கே அப்படித்தான் சொல்கிறோம்.

இதில் என்ன பயம் என்று நீங்கள் கேட்கலாம். எங்களுடையது ஃபேமிலி பில்டிங். பேச்சிலர்களைத் தங்க வைக்கக் கூடாது. வாடகையைச் சரிக்கட்ட ஹாலில் நாலு பேரைப் படுக்க விடுகிறவர்கள் இங்கே உண்டு. அது தெரிந்தால் மறுபேச்சில்லை, கலாஸ், கதை முடிந்தது... சாமானைத் தூக்கிக்கொண்டு இறங்க வேண்டியதுதான். ஊர் முழுக்க வீட்டுக்குப் பஞ்சம். இந்த வீடு போனால் நான் கேம்ப்புக்கு, சரோஜாவும் பாப்பாவும் சென்னைக்கு.

அர்பாப் இளவயதில் முத்து வியாபாரத்துக்காகப் பம்பாய் போய் வந்தவர். ஹிந்தி நன்றாகவே பேசுவார். என்னைத் தாண்டி ஹாலைப் பார்த்தார்.

"இதர் கித்னா ஆத்மி ஸோதா ஹை?" என்றார். இங்கே எத்தனை பேர் படுக்கிறார்கள்?

யாரும் படுப்பதில்லை, விருந்தாளிகள் என்றேன். எதற்கு வந்தார்கள் என்றார். அவசரத்துக்கு ஒரு பொய்கூட வரவில்லை. சுவர் பார்க்க வந்தார்கள் என்று உண்மையையே சொன்னேன். சொல்லும்போதே அது எனக்குப் படுமட்டமான பொய்யாகக் கேட்டது. சுவர் பார்க்க யாராவது வருவார்களா?

சரோஜா பாப்பாவை இடுப்போடு இறுக்கிக்கொண்டாள்.

அர்பாப் உள்ளே வந்து சுவருக்கு எதிரே நின்றார். தலையை மெதுவாகத் தோள் வரை சாய்த்தார். சாய்த்தபடியே பார்த்துக்கொண்டிருந்தார். என்னவோ ஏதோ என்று முத்தையா கோஷ்டியும் தலையைச் சாய்த்தது. நானும் சாய்த்தேன்.

"மிஸ்ர்" என்றார் அர்பாப். எகிப்து! கண் ஆபரேஷனுக்காக கெய்ரோ போயிருந்தபோது அங்கே பழைய பள்ளிவாசல்களைப் பார்த்தாராம். கல்லே இப்படித்தானாம் – ஒரு வரிசை சிவப்பு, ஒரு வரிசை வெள்ளை. அங்கே பட்டை படுத்திருக்கும், இங்கே நிற்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். கட்டு அவிழ்த்த பிறகு ஜன்னல் வழியாக முதலில் பார்த்தது அப்படி ஒரு சுவரைத்தான் என்றார். இதைப் பார்க்க ஆள் வருவதில் அவருக்கு ஆச்சரியமே இல்லை.

நான் மூச்சு விடப் போனேன். அதற்குள் முத்தையா தனக்குத் தெரிந்த ஹிந்தியில், "ஹமாரா மந்திர் பீ ஐசா" என்று சொல்லிவிட்டார். எங்கள் கோயிலும் இப்படித்தான்!

போச்சு என்று நினைத்தேன். அர்பாப் தலையை நிமிர்த்தி முத்தையாவைப் பார்த்தார். ஆமாம், ஆமாம் என்று முத்தையா வேறு தலையாட்டுகிறார்.

அர்பாப் சிரித்துவிட்டார். அப்படியானால் யாரைப் பார்த்து யார் காப்பி அடித்தது என்று கேட்டார். அது யாருக்குத் தெரியும்? சோபாவில் உட்கார்ந்தார். ஆறு பேரையும் உட்காரச் சொன்னார். சரோஜா போட்ட டீயைக் குடித்தார், ஒரு வாழைப்பழமும் சாப்பிட்டார். விருந்தாளிகள் வரலாம், படுப்பது மட்டும் மாஃபி, அது கிடையாது என்றார். தன்னைக் கேட்காமல் இந்தச் சுவருக்கு வெள்ளை அடிக்கக் கூடாது என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

அப்பாடா என்று நான் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். சரோஜா அழுதுகொண்டே சிரித்தாள். இந்த ஊருக்கு வந்த பிறகு இவ்வளவு லேசாக நான் மூச்சு விட்டதில்லை. ஒரு நிறத்தைத் தேர்ந்தெடுக்க நாம் எவ்வளவு யோசிக்கிறோம்! கடைசியில் சுவரில் என்ன தெரிய வேண்டும் என்பதை வந்து நிற்கிறவர்தான் முடிவு செய்கிறார்.

நேற்று பில்டிங் வாட்ச்மேன் வந்து ஒரு தகவல் சொல்லிவிட்டுப் போனார். வருகிற வெள்ளிக்கிழமை அர்பாப் தன் தம்பிகளையும் மச்சான்களையும் அழைத்துக்கொண்டு வருகிறாராம்... சுவர் பார்க்க.

மொத்தம் எத்தனை பேர் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.