உலர்த்தும் அறையில் நாற்பது மீன்

அப்பா காலமாகிப் பத்தொன்பது நாள். அவருடைய அலுமாரிக் கதவின் உட்புறம் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. நான்கு சீன எழுத்துகள். என்னால் கிழிக்க முடியவில்லை.

1988 கோடை, சுவிற்சர்லாந்தின் பீல் நகரம். அப்பா பத்மநாதன் ஒரு சீன உணவகத்தில் கோப்பை கழுவினார். இனிப் போக்கிடமே இல்லை என்று நிற்பவனைச் சீனத்தில் அந்த நான்கு எழுத்துகளால் சொல்வார்களாம். சமையல்காரர் லியூ எழுதிக்கொடுத்தார். வற்றிய வண்டித்தடத்தில் கிடக்கும் மீன். அது வழிப்போக்கனிடம் ஒரு வாய் தண்ணீர் கேட்கிறது. பொறு, ஆற்றையே திருப்பி விடுகிறேன் என்கிறான் அவன். அப்படியென்றால் என்னைக் கருவாட்டுக் கடையில் வந்து தேடு என்கிறது மீன்.

அப்பா மீனின் துயரத்தைக் கவனிக்கவில்லை. கருவாட்டைத்தான் கவனித்தார். அவர் கருவாடு தின்று இரண்டு வருடம்.

குடியிருப்பின் நிலவறையில் துணி உலர்த்தும் அறை. இரண்டு வாரத்துக்கு ஒரு நாள் அப்பாவின் முறை. அந்த நாளில் நாற்பது ஏரிமீன்களை உப்பிட்டு, துணிக்கவ்வியால் கொடியில் மாட்டினார். வெப்பம் 28 பாகை, விசிறி முழு வேகம். நான் காற்றோட்டப் பொறியியலாளர். அமைப்பில் குறை சொல்லமாட்டேன். ஒரே பிழை, காற்று வெளியேறும் குழாய் எங்கே போகிறது என்று அவர் பார்க்கவில்லை. அது கட்டடப் பொறுப்பாளர் திருமதி கெர்பரின் படுக்கையறை ஜன்னலுக்குக் கீழே போனது.

அவர் புகார்க் கடிதம் எழுதினார். அது நிர்வாகத்துக்குப் போனால் வீடு போகும். வீடு இல்லாமல் யாழ்ப்பாணத்திலிருந்து அம்மாவை அழைக்க முடியாது.

அறைத்தோழர் சிறீதரனுக்கு ஜேர்மன் தெரியும்.

"அண்ணை, காயிறது மீனோ, எங்கட வாழ்க்கையோ?"

"பகிடியை விட்டுட்டு வா. அவவோடை கதைப்பம்."

திருமதி கெர்பர் மூக்கைப் பொத்திக்கொண்டே கேட்டார். கடிதம் நாளை போகும், விளக்கம் இருந்தால் நிர்வாகத்தின் நவம்பர்க் கூட்டத்தில் சொல்லலாம் என்றார். சிறீதரன் மொழிபெயர்த்தார். அப்பா லியூ எழுதிய தாளை நீட்டினார்.

"ஆத்தைத் திருப்பப் போறாவாம். நவம்பரிலை எங்களைக் கருவாட்டுக் கடையிலை தேடச் சொல்லு. கதையை முழுக்கச் சொல்லடா!"

சிறீதரன் சொன்னார். திருமதி கெர்பர் சிரித்ததில் மூக்கிலிருந்து கை நழுவியது. உடனே திரும்பப் பொத்திக்கொண்டார். அறையை மூன்று முறை கழுவினால் கடிதம் போகாது என்றார். அப்பா ஐந்து முறை கழுவினார்.

அடுத்த ஏப்ரலில் அம்மா வந்து இறங்கினார். பெட்டி கனத்தது. அப்பா அம்மாவிடம் கேட்டார்.

"செல்வம், உதுக்குள்ளை என்ன?"

"உங்களுக்கெண்டுதான். மூண்டு கிலோ கருவாடு."

அப்பா பெட்டியை வாசலிலேயே வைத்தார். சுற்றிப் போய், திருமதி கெர்பரின் ஜன்னல் மூடியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்துதான் அம்மாவை உள்ளே அழைத்தார்.