அழிக்க அழிக்க வந்த டாபிக்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்குப் பேய், பிசாசு, காத்துக்கருப்பு எதிலும் நம்பிக்கை இருந்ததே இல்லை. கொடைக்கானலில் பிறந்து வளர்ந்தவள் நான். பைன் காட்டில் வெள்ளை உருவம் நடக்கிறது என்று டூரிஸ்டுகளிடம் கைடுகள் அவிழ்த்துவிடும் கதைகளைக் கேட்டுச் சிரித்தே பழகியவள். நீங்களும் சிரித்துக்கொள்ளுங்கள், பரவாயில்லை. நான் இதைப் பயத்தில் சொல்லவில்லை, கோபத்தில் சொல்கிறேன். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

என் வேலை என்னவென்று தெரியாமல் இது புரியாது. சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன். மலைச்சரிவுகளில் கருவிகளைப் புதைத்து, மண் எவ்வளவு ஊறியிருக்கிறது, எவ்வளவு சாய்கிறது என்று பார்த்து, சரிவதற்கு முன்னால் எச்சரிப்பது கம்பெனியின் தொழில். கருவிகள் அனுப்பும் தகவல் வாய்க்கால் தண்ணீர் மாதிரி நிற்காமல் சர்வருக்கு ஓடி வந்துகொண்டே இருக்கும். ஒவ்வொரு கருவிக்கும் தனி வாய்க்கால், அதை டாபிக் என்போம். வாய்க்காலை வெட்டுவது, கருவியோடு இணைப்பது, வேண்டாமென்றால் அழிப்பது எல்லாம் என் பொறுப்பு. இதற்குப் பட்டன், படம் என்று எதுவும் கிடையாது, கறுப்புத் திரையில் ஒரு வரிக் கட்டளை, அவ்வளவுதான். தட்டினால் நடக்கும், தட்டாவிட்டால் நடக்காது. அதனாலேயே எனக்கு இந்த வேலை பிடிக்கும்.

வடகவுஞ்சியில் செல்லத்தாயி என்ற அம்மாளின் வீட்டுக்குப் பின்னால் உள்ள சரிவில் ஒரு கருவி வைத்திருந்தோம். மழைக்காலத்தில் ஒருமுறை அது எச்சரிக்கை கொடுக்க, அவர்கள் குடும்பத்தோடு பள்ளிக்கூடத்தில் போய்த் தங்கினார்கள், சரிவு அசையவில்லை, ஆனால் ஆளில்லாத தோட்டத்தில் காட்டுமாடு இறங்கி வாழையை எல்லாம் மிதித்துவிட்டது. கருவியைப் பிடுங்கினால்தான் ஆயிற்று என்று அந்த அம்மாள் ஒற்றைக் காலில் நின்றார். எனக்கு அந்தச் சரிவின் கணக்கு சரியாகப் படவில்லை, இன்னும் கொஞ்ச நாள் விட்டுவைக்கலாம் என்று மேனேஜரிடம் சொன்னேன்.

"ரோஸ்லின், நிலத்துக்காரங்களே வேணாங்கிறாங்க. உங்களுக்கு என்ன வந்துச்சு? ரிமூவ் பண்ணுங்க" என்றார்.

எங்கள் ஃபீல்டு டெக்னீசியன் முருகேசன் போய்க் கருவியைத் தோண்டி எடுத்தான். நான் இணைப்பை நிறுத்தி, டாபிக்கை அழித்தேன். பட்டியலைப் பார்த்தேன், இல்லை. அதோடு முடிந்தது என்று நினைத்தேன்.

மறுநாள் காலையில் அது பட்டியலில் இருந்தது. உள்ளே தகவலும் ஓடிக்கொண்டிருந்தது.

நம்பினால் நம்புங்கள், அப்போதும் எனக்கு வேறு எந்த எண்ணமும் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. யாராவது தகவல் அனுப்பினால் இல்லாத டாபிக்கைத் தானாகவே உண்டாக்கிக்கொள்ளும் வசதி ஒன்று உண்டு, அதை அணைத்தேன். கருவி சர்வருக்குள் நுழைவதற்கான கடவுச்சாவியை ரத்து செய்தேன். மறுபடி அழித்தேன். காபி போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தால் திரும்ப இருக்கிறது. மேனேஜர் போனில் கத்தினார். ஒரு டெலீட் கூட ஒழுங்காகச் செய்யத் தெரியாதா, இத்தனை வருஷ அனுபவம் எதற்கு என்றார். நான் தட்டிய கட்டளைகளை அப்படியே எடுத்து அனுப்பினேன். அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை அந்த மனிதர்.

முருகேசன்தான் விளையாடுகிறான், வேறொரு கருவியை அங்கே வைத்துவிட்டு என்னை முட்டாளாக்குகிறான் என்று முடிவு கட்டினேன். ஜீப்பை எடுத்துக்கொண்டு வா என்றேன். வழியெல்லாம் அவனைத் திட்டிக்கொண்டே போனேன்.

வடகவுஞ்சியில் மழை விட்டிருந்தது, மதிய நேரத்திலும் மூடுபனி மட்டும் தோட்டத்துக்குள் நின்றது. ஜீப்பை ரோட்டிலேயே நிறுத்திவிட்டு இருவரும் சரிவில் ஏறினோம். கருவி இருந்த இடத்தில் வெறும் குழிதான் இருந்தது. சுற்றிலும் கிளறிப் பார்த்தேன், ஒன்றுமில்லை. இறங்கி வந்து ஜீப்பில் லேப்டாப்பைத் திறந்தால், திரையில் வரிக்கு மேல் வரியாகத் தகவல் வந்துகொண்டிருக்கிறது, ஈரம் ஏறுகிறது, சாய்வு ஏறுகிறது.

"மேடம், நான் எதுக்குங்க பொய் சொல்லப் போறேன்" என்று முருகேசன் பின்சீட்டிலிருந்து சாக்கை எடுத்துப் பிரித்தான். தோண்டிய கருவி உள்ளே கிடந்தது. மூடியைக் கழற்றிக் காட்டினான். பேட்டரி தனியாக இன்னொரு பையில் இருந்தது. அவன் அதைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும்போதே திரையில் அடுத்த வரி வந்தது.

அதற்குள் செல்லத்தாயி எங்களைப் பார்த்துவிட்டார். வீட்டிலிருந்தே கத்திக்கொண்டு ரோட்டுக்கு வந்தார்.

"ஏலே முருகேசா, குழியத் தோண்டிப் போட்டுட்டு மூடாம போயிட்டியே. கன்னுக்குட்டி விழுந்து காலு ஒடஞ்சா யாருலே பொறுப்பு?"

"மூடிருதேன்த்தா, இப்பவே மூடிருதேன்" என்றான் அவன்.

எனக்கு அப்போது யார் மேல் வேண்டுமானாலும் பாய வேண்டும் போலிருந்தது. "எங்களக் கேக்காம அங்க வேற எதையும் பொதைச்சு வச்சிருக்கீங்களா?" என்று கேட்டேன்.

"ஏம்மா, எனக்கு வேற சோலி இல்லயா? அந்தச் சனியனைப் புடுங்கியாச்சுல்ல, இன்னும் என்னத்துக்கு இங்க வந்து நிக்கிய?"

"பிடுங்கியும் பேசுதே. வந்து பாருங்க" என்று லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினேன். நானும் விடவில்லை, அவரும் விடவில்லை. சத்தம் பெரிதாகிவிட்டது. மனைவிக்குத் துணையாக அவர் புருஷன் ஈரக் கையோடு வந்தார். என்ன சண்டை என்று பார்க்க மருமகள் கைக்குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தாள். அவர்களை வீட்டை விட்டு வெளியே வரச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அதை ஒரு பெருமையாகச் சொல்லிக்கொள்ள முடியாது, கோபத்தில் கத்திக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான்.

மருமகள் எங்கள் பக்கத்தில் வந்து நின்றதும் லாரியிலிருந்து ஜல்லி கொட்டுவது போல ஒரு சத்தம் கேட்டது. சரிவு அப்படியே இறங்கியது. சமையலறை முதலில் போனது, பிறகு கூரை. மண் வாசல் வரை வந்து நின்றது. வீட்டுக்குள் யாரும் இல்லை. குழந்தை வீறிட்டு அழுதது. செல்லத்தாயி என் கையை எப்போது பிடித்தார் என்று தெரியாது, மணிக்கட்டில் நகம் பதிந்திருந்தது.

திரையைப் பார்த்தேன். அந்த டாபிக் இல்லை. நான் அழிக்கவில்லை. அதன்பிறகு அது வரவும் இல்லை.

கோபம் எதற்கு என்று கேட்பீர்கள், இதற்குத்தான். அடுத்த வாரமே மேனேஜர் எல்லோருக்கும் ஒரு அறிக்கை அனுப்பினார், எங்கள் கருவி சரியான நேரத்தில் எச்சரித்து ஒரு குடும்பத்தைக் காப்பாற்றியதாம். எந்தக் கருவி? சாக்கில் கிடந்ததா? போன் போட்டுக் கேட்டேன். "ரோஸ்லின், நல்லது நடந்திருக்கு. ஏன் நெகட்டிவா பேசுறீங்க?" என்றார். அன்றைக்கு அவரிடம் நான் பேசியதை இங்கே சொல்ல முடியாது. அதன்பிறகும் அந்த அறிக்கை அப்படியேதான் இருக்கிறது.

அது பொய் என்று காட்டுவதற்காக, டாபிக் போனாலும் லேப்டாப்பில் பதிவாகியிருந்த அந்த வரிகளைத் தேடி எடுத்து ஒவ்வொன்றாகப் படித்தேன். நாங்கள் எப்போதும் ஈரத்தையும் சாய்வையும்தான் பார்ப்போம். கருவி மண்ணின் வெப்பத்தையும் அனுப்பும், அதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அந்தக் குளிரில் வடகவுஞ்சி மண் ஜில்லென்று இருக்க வேண்டும். ஆனால் எல்லா வரிகளிலும் ஒரே வெப்பம். விடியற்காலையிலும் அதுதான், மதியத்திலும் அதுதான், ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. சென்சார் கோளாறு என்று சொல்லிவிடலாம், நானும் சொல்லிப் பார்த்தேன். ஆனால் பிள்ளை பெற்ற எந்தத் தாய்க்கும் அந்த எண் தெரியும். காய்ச்சல் கண்ட குழந்தையின் அக்குளில் தெர்மாமீட்டர் காட்டும் எண் அது.

இப்போதெல்லாம் என் மகளுக்கு உடம்பு சுடுகிறது என்றால், நெற்றியில் கை வைக்க அவரைத்தான் போகச் சொல்கிறேன், என் வீட்டுக்காரரை.