பின் சீட்டில் பழகிய சஸ் ஃபோர்

காட்டுப்பாக்கத்தில் எங்கள் அடுக்ககத்துக்குக் குடிவந்த ஆண்டின் ஆவணி மாதத்திலேயே என் கிடார் வீட்டை விட்டு வெளியேற்றப்பட்டது. கீழ்வீட்டுக்காரர் இரவுப் பணி முடிந்து பகலில் தூங்குபவர். எங்கள் வீட்டிலோ மனைவிக்கு மாலை வரை அலுவலகத் தொலைபேசி, மகளுக்கு அதன்பின் தூக்கம். சங்கத்தின் வாட்ஸப் குழுவில் சத்தம் பற்றி, யார் பெயரும் சொல்லாமல் ஓர் அறிவிப்பு வந்தது. எல்லோருக்கும் யாரென்று தெரிந்திருந்தது.

எனவே நான் தரைக்கடியில் உள்ள வாகன நிறுத்தத்துக்கு இறங்கினேன். சிறிய கார். பின் சீட்டின் வலப்பாதியில் மகளின் நாற்காலி வார்களால் இறுக்கிக் கட்டப்பட்டிருக்கும். இடப்பாதியில் நான். கிடாரின் கழுத்தை நேராக நீட்டினால் கதவில் இடிக்கும். சாய்த்து மேலே தூக்கினால் முன் சீட்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் தலை நுழையும். இடது முழங்கை கதவுக்கும் என் விலாவுக்கும் இடையில் மாட்டிக்கொள்ளும். கண்ணாடிகளை ஏற்றிவிட்டால் சத்தம் வெளியே போகாது. காற்றும் உள்ளே வராது.

"சார், உள்ள மூச்சு முட்டாதா?" என்று காவலாளி ஒருநாள் கண்ணாடியைத் தட்டிக் கேட்டார். முட்டாது என்று தலையாட்டினேன். சட்டை நனைந்திருந்தது.

நான் பழகியது ஒரே ஒரு சங்கதி. பழைய ராக் இசையில் எங்கும் கேட்கும் ஒன்று: டி மேஜர் கார்டை, அந்தச் சுரக்கூட்டை, பிடித்தபடி, மெல்லிய கம்பியில் சுண்டுவிரலை ஒரு ஃப்ரெட் கட்டம் தள்ளி வைத்தால் சஸ் ஃபோர், எடுத்தால் மீண்டும் டி, நடுவிரலையும் எடுத்தால் சஸ் டூ. நம் கணக்கில் சொன்னால், காந்தாரம் இருக்க வேண்டிய இடத்தில் மத்தியமம் வந்து உட்கார்கிறது, பிறகு ரிஷபம். காந்தாரம் திரும்பி வரும் வரை அந்தக் கார்டு மகிழ்ச்சியா துக்கமா என்று சொல்லாது. இதைப் பற்றி நிறையப் படித்திருந்தேன். கை வருவதற்கு ஐப்பசி ஆகிவிட்டது.

வந்தபோது தெளிவாக வந்தது. சுண்டுவிரல் பார்க்காமலே போய் உட்கார்ந்தது.

சேக்காட்டில் இருக்கும் நண்பன் டிரம்ஸ் வாசிப்பவன். அம்பத்தூரில் ஒரே அலுவலகத்தில் இருந்தோம். அவன் அந்த வேலையை விட்டுவிட்டு அப்பாவின் தண்ணீர் லாரிகளைக் கவனிக்கிறான். அவன் வீட்டு மொட்டைமாடி அறையில் எவ்வளவு சத்தம் போட்டாலும் கேள்வியில்லை. "சுத்தி எல்லாம் நம்ம சொந்தக்காரன்தான் மாமே. எவன் யாராண்ட போய் சொல்லுவான்?" என்பான். பொங்கலுக்கு அவர்கள் தெரு மேடையில் நாங்களே கட்டிய ஒரு பாட்டை வாசிப்பதாக ஏற்பாடு. தொடக்கம் கிடார் மட்டும், அந்தச் சங்கதி. வாரம் முழுவதும் வேலை, வீட்டுக்கடன், பூந்தமல்லி சாலை நெரிசல் என்று கிடந்த எனக்கு, நானாகக் கேட்டு வாங்கிய ஒரே இடம் அதுதான்.

கார்த்திகையில் ஒரு ஞாயிறு அங்கே போய், கிடாரைத் தோளில் மாட்டி நின்று வாசித்தேன். சுண்டுவிரல் கம்பியைத் தொடவில்லை. அடுத்த முறை பக்கத்துக் கம்பியில் விழுந்தது. உட்கார்ந்து பார்த்தேன். அப்போதும் அப்படியே.

"இன்னா மாமே, ஊட்ல ஒயுங்கா வருதுன்னு சொல்லிக்கினு இருந்தியே?"

"வீட்ல இல்லடா. கார்ல."

"இன்னாது?"

சொன்னேன். அவன் குச்சிகளைப் போட்டுவிட்டு என்னைக் கீழே நின்ற என் காருக்கு இழுத்துக்கொண்டு போனான். நான் பின் சீட்டில் என் இடத்தில் நுழைந்து கதவைச் சாத்தினேன். அவன் ஓட்டுநர் சீட்டில் திரும்பி உட்கார்ந்து பார்த்தான். வாசித்தேன். ஒரு பிசிறு இல்லை.

அவன் ஸ்டியரிங்கில் அடித்து அடித்துச் சிரித்தான். "மேடைக்குக் காரையே ஏத்திடலாம் மாமே! லாரி கீது, கயிறு கட்டி இஸ்துடலாம்!" பிறகு சிரிப்பு நின்றது. "தோ பாரு, மார்கழி கடைசி வரைக்கும் டைம். வரலன்னா அத்த கீபோர்டுல போட்டுக்கலாம். கோச்சிக்காத."

கோபித்துக்கொள்ள என்ன இருக்கிறது? என் மணிக்கட்டு அந்த இடுக்கின் கோணத்தையே பாடமாக்கியிருந்தது. முழங்கைக்கு அந்தப் பக்கம் கதவு இல்லையென்றால் விரலுக்குத் தூரம் தெரியவில்லை. குளியலறையில் நின்று ஒலியில்லாமல் பழகினேன். மார்கழி முடியும்போதும் நின்றால் பாதிக்குப் பாதி தப்பியது.

மேடையன்று, கீபோர்டுதான் என்று நினைத்துக்கொண்டே ஏறினேன். ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதன் இடப்பக்கம் ஆளுயர ஸ்பீக்கர் பெட்டி ஒட்டி நிறுத்தப்பட்டிருந்தது. நண்பன் கண்ணைக் காட்டினான். "குந்து மாமே. உன் வண்டி ரெடி."

உட்கார்ந்து முழங்கையைப் பெட்டிக்கும் விலாவுக்கும் நடுவில் செருகினேன். கிடாரின் தலையை மேலே சாய்த்தேன். சுண்டுவிரல் போய் உட்கார்ந்தது, எழுந்தது, மீண்டும் உட்கார்ந்தது. டிரம்ஸ் சேர்ந்தபோது தெரு கைதட்டியது. எனக்குத் தெருவின் ஒரு பக்கம்தான் தெரிந்தது. மறுபக்கத்தைப் பெட்டி மறைத்தது. மனைவியும் மகளும் அந்த மறுபக்கத்தில் இருந்தார்கள்.

"நல்லா இருந்துச்சு," என்றாள் மனைவி, திரும்பும் வழியில். "கிடார் தலை மட்டும்தான் தெரிஞ்சுது. மேடையில சீட் பெல்ட் போட்டுக்கிட்டீங்களா?"

காணும் பொங்கலன்று மாலை நிறுத்தத்துக்கு இறங்கி, மகளின் நாற்காலியின் வார்களை அவிழ்த்து வெளியே வைத்தேன். பின் சீட்டின் நடுவில் தாராளமாக உட்கார்ந்தேன். முழங்கை காற்றில் நின்றது. சுண்டுவிரல் பக்கத்துக் கம்பியில் விழுந்தது. இன்னும் சில முறை முயன்றேன்.

பிறகு நாற்காலியை உள்ளே வைத்து வார்களை இறுக்கிவிட்டு, இடது ஓரத்தில் நுழைந்து கதவைச் சாத்திக்கொண்டேன்.