முதுகுக்குப் பின்னால் அண்ணன்

பதினான்கு வருடம் கொல்கத்தாவிலும் கோவாவிலும் கால்பந்து கிளப்புகளுக்குத் தடுப்பாட்டக்காரனாக ஆடினேன். கோல் அடித்தவன் பெயர் பேப்பரில் வரும். அடிக்கவிடாதவன் பெயரை எவன் போடுவான்? ஆனால் ஒரு விஷயத்தில் எனக்குக் கர்வம் உண்டு. பின்னால் நிற்கும் ஸ்ட்ரைக்கர் எத்தனை அடி தள்ளி இருக்கிறான் என்பது திரும்பாமலே தெரியும். திரும்புகிற நேரத்தில் அவன் போய்விடுவான். அதனால் திரும்பவே மாட்டேன்.

முழங்கால் போனபிறகு பழவேற்காட்டு ஏரிக்கே வந்து, அண்ணனோடு கையால் இறால் பிடிக்கப் போனேன். இடுப்பளவுத் தண்ணீரில் குனிந்து, இரண்டு கையாலும் சேற்றைத் துழாவ வேண்டும். பிடித்த இறாலைப் போடும் ஓலைப் பறியின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொள்வதால் பேச முடியாது. பறியின் வாய் குறுகல். உள்ளே போன இறால் வெளியே வராது.

அண்ணனுக்கு வலிப்பு உண்டு. அன்று காலை அண்ணி சொன்னார்: “தம்பி, நேத்துகூட இழுத்துக்கிச்சு. போவாதன்னா கேக்க மாட்டேன்றாரு. பின்னாடி பாத்துக்கினே போ.”

“பாக்கவே வேணாம் அண்ணி, எனக்குத் தெரியும்” என்றேன்.

அண்ணன் சிரித்தான். “இவனுக்கு இன்னா, முதுகுல கண்ணு கீது.”

ஏரி முழுக்க வெள்ளையாகப் பனி. கரையோரமாகவே போனோம், நான் முன்னால், அவன் பின்னால். தண்ணீர் அளையும் சத்தம் என் இடது தோளுக்கு நாலடி பின்னால் வந்துகொண்டே இருந்தது. நான் நின்றால் நின்றது, நடந்தால் நடந்தது. ஒருமுறை பிடரியில் மூச்சுகூடப் பட்டது. சில்லென்று இருந்தது. பனிதானே என்று விட்டுவிட்டேன்.

ஒரு மணி நேரம் கழித்து அடுத்த துறையில் கரையேறித் திரும்பினேன். யாரும் இல்லை.

“இப்பதான் வந்தான், இங்கதான்!” என்று கத்தினேன். வலையைச் சரிசெய்துகொண்டிருந்த நாலு பேர் குதித்து, நான் கைகாட்டிய இடத்தையே திரும்பத் திரும்பத் தேடினார்கள். பனி விலகிய பிறகுதான் தூரத்தில் அவன் சட்டை தெரிந்தது. நாங்கள் ஏரியில் இறங்கிய இடத்திலிருந்து பத்தடிகூட இல்லை.

கரையில் கிடத்தியபோதும் பறிக்கயிறு அவன் பல்லில் இருந்தது. நான் கத்தியது கேட்டு ஓடிவந்த அண்ணி அதை விடுவித்து, பறியைக் கவிழ்த்துத் தட்டினார். ஒரு இறால்கூட விழவில்லை.

“எறங்கின ஒடனே உழுந்துட்டாரு” என்றார். பிறகு என்னைப் பார்த்தார். “அவ்ளோ நேரம் பின்னாடி வந்தாருன்னியே, தம்பி?”

ஒரே ஒரு தடவை திரும்பியிருந்தால் அவனைத் தூக்கியிருப்பேன். அப்போது என் இடது தோளுக்குப் பின்னால், காய்ந்த மணலில், தண்ணீர் சொட்டுகிற சத்தம் கேட்டது.

அப்போதும் நான் திரும்பவில்லை.