பச்சையம்மாள் சொல்லாத வார்த்தை

பெரியநாயகி கள்ளக்குறிச்சி கோர்ட்டுக்கு வந்தபோது நான் வக்கீல் அரங்கநாதனிடம் குமாஸ்தா. எண்பதுகளின் நடுவில் இருக்கும். சங்கராபுரம் பக்கம் நடவுக்குப் பெண்களைச் சேர்த்துக் கூட்டிப்போகிறவள் அவள். புருஷன் செத்துப் பல வருஷம். வயசுப் பெண்களைக்கூட அவளை நம்பி அசலூர் வயலுக்கு அனுப்புவார்கள். அவள் பிழைப்பே அந்த நம்பிக்கைதான்.

அந்த வருஷம் கல்வராயன் மலைத் தண்ணீர், வழக்கமாக அவள் முதலில் நடுகிற வீரமுத்துவின் வயலுக்கு வந்து சேரவில்லை. அதனால் முதலில் ராமசாமியின் வயலை நட ஆட்களோடு போனாள். வீரமுத்து வரப்பில் வந்து நின்று, அவளையும் ராமசாமியையும் சேர்த்துவைத்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டார். நட்டுக்கொண்டிருந்த அத்தனை பெண்களும் கேட்டார்கள். மறுநாளே இரண்டு வீட்டில் பெண்களை அனுப்பவில்லை.

“பணங்காசு வேணாங்க. அவரு சொன்னது பொய்யின்னு கோர்ட்டு சொல்லட்டும்” என்றாள்.

எங்கள் வக்கீலுக்கு லத்தீன் என்றால் உயிர். கட்சிக்காரருக்குப் புரிகிறதோ இல்லையோ, இரண்டு வார்த்தை போடாவிட்டால் அவருக்கு மனசு ஆறாது. “பெர் சே” என்றார். ஒரு பெண்ணின் நடத்தையைப் பேசினால் அந்தப் பேச்சே தப்பு, நஷ்டம் என்ன என்று நிரூபிக்க வேண்டியதில்லை என்று அர்த்தம். அப்புறம் “இப்சிசிமா வெர்பா” என்றார். சொன்ன வார்த்தையை அப்படியே, ஒன்றும் மாறாமல், சாட்சிகள் சொல்ல வேண்டும். பெரியநாயகி சுவரைப் பார்த்துக்கொண்டு அந்த வார்த்தையைச் சொன்னாள். நான் பிராதில் எழுதினேன்.

விசாரணையில் முதல் சாட்சி இருசம்மாள்.

“வீரமுத்து என்ன சொன்னார்?”

“அசிங்கமா பேசினாருங்க.”

“அதான், என்ன வார்த்தை?”

“அத என் வாயால எப்டிங்க சொல்றது? அவ எதிருலயே குந்திக்கினு கீறா.”

அவர்கள் தெருவில் அது ஒரு கட்டுப்பாடு. ஒருத்தியைப் பற்றிக் கேட்ட பழியை அவள் முன்னால் திருப்பிச் சொன்னால், சொன்னவளும் திட்டினதாகத்தான் கணக்கு. சாட்சி சொல்வது திட்டுவதாகாது என்று மற்ற சாட்சிகளுக்கு டீக்கடையில் வைத்து வக்கீல் தொண்டை வறள விளக்கினார். எல்லோரும் தலையாட்டினார்கள். கூண்டில் ஏறியதும் ஊமையாகிவிட்டார்கள். வயலில் இவர்கள் பேசுகிற பேச்சுக்குக் காதைப் பொத்திக்கொள்ள வேண்டும். இங்கே வந்து வாயைத் தைத்துக்கொண்டார்களே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

கடைசி சாட்சி பச்சையம்மாள். பெரியநாயகியோடு சின்ன வயசிலிருந்து ஒன்றாக நாற்று நட்டவள். கேஸ் தோற்றுவிடும் என்று தெரிந்து, சொல்லிவிடுவதென்று துணிந்துதான் வந்திருந்தாள். கூண்டின் கட்டையை இறுகப் பிடித்தாள். கண்ணீர் கொட்டியது. வாயைத் திறந்தாள்.

பெரியநாயகி எழுந்துவிட்டாள். “வேணாம் பச்சையம்மா. நீ சொல்லாத.”

நீதிபதி அவளை அதட்டி உட்கார வைத்தார். பச்சையம்மாள் அந்த வார்த்தையைச் சொல்லாமலே கூண்டைவிட்டு இறங்கினாள். சொன்ன வார்த்தைக்குச் சாட்சி இல்லை என்று வழக்கு தள்ளுபடியானது.

“இன்னாத்துக்கும்மா தடுத்த? ஜெயிச்சிருப்போமே” என்று வராந்தாவில் வக்கீல் கத்தினார்.

“அந்தாளு சொன்னத தாங்கிக்கினேங்க. இவ வாயாலயும் அத கேட்டுட்டா, அப்பறம் எப்டிங்க இவகூட ஒரே வயல்ல குனிஞ்சி நடறது?”

வக்கீல் கோட்டைக் கழற்றினார். அவள் தடுத்ததில் எனக்கு வந்த கோபம் அங்கேயே போய்விட்டது. ஆனால் பயம் வந்தது. கோர்ட்டே தள்ளிவிட்டது என்று வீரமுத்து ஊரெல்லாம் சொல்வாரே, இனி இவளை நம்பி யார் பெண்களை அனுப்புவார்கள்?

அடுத்த நடவின்போது தீர்ப்பு நகலைக் கொடுக்கப் போனேன். நின்றுபோன இரண்டு வீட்டில் ஒன்று இன்னும் அனுப்பவில்லை. பச்சையம்மாளையும் காணோம். கேட்டதற்கு, காய்ச்சலில் படுத்திருக்கிறாள் என்றார்கள். கல்யாணமாகி ஒரு மாதம்கூட ஆகாத தன் மருமகளைத் தனியாகப் பெரியநாயகியோடு அனுப்பியிருந்தாள். அந்தப் பெண் மஞ்சள் கயிற்றை ரவிக்கைக்குள் விட்டுக்கொண்டு, பெரியநாயகிக்குப் பக்கத்திலேயே குனிந்து நட்டுக்கொண்டிருந்தது.