ஒற்றை நட்சத்திரத்துக்கு ஓகே சொன்னவர்

வியாழக்கிழமை காலை, திருவொற்றியூரில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே பைக்கை ஓரங்கட்டிவிட்டுப் போனை எடுத்தேன். நம் கஜா, கஜலட்சுமி, தூக்கத்திலேயே போய்விட்டாராம். முந்தின நாள் அவர் என்னைக் கிண்டலடித்துப் போட்ட செய்திக்கு நான் இன்னும் பதில்கூடச் சொல்லவில்லை. நாற்பத்தொன்று சாகிற வயதா?

கஜாவோடு வேலை செய்த உங்களுக்கு அவருடைய காகிதம் தெரிந்திருக்கும். லாரி யார்டுகளுக்கு மென்பொருள் எழுதும் எங்கள் சிறிய அலுவலகத்தில் ஒவ்வொரு யார்டின் நிரலுக்கும் 'கிளை' என்று ஒரு தனிப் பிரதி உண்டு. எந்தெந்தக் கிளையை யாரும் அழிக்கக் கூடாது என்பதைப் பெயரின் அமைப்பை வைத்து ஒரு விதியாக எழுதிவைப்போம். அதற்கு முன், விதியில் சிக்கக் கூடாத பெயர்களைக் காகிதத்தில் எழுதச் சொல்வார் கஜா. காத்திவாக்கத்தில் வலை பின்னும் வீட்டுப் பெண் அவர். "இன்னா மீனு வேணாம்னு மொதல்ல சொல்லு, அப்பால வலைக்கண்ண பத்தி பேசலாம்" என்பார்.

அப்போது நான் சேர்ந்து மூன்று மாதம்; வேலை நிரந்தரமாகவில்லை. 'ரிலீஸ்/*' என்று விதி எழுதினேன். நட்சத்திரம் எந்தப் பெயருக்கும் பொருந்தும். ஆனால் ஒற்றை நட்சத்திரம் அடுத்த சாய்கோட்டைத் தாண்டாது. 'ரிலீஸ்/மாதவரம்' விதிக்குள் வந்தது, 'ரிலீஸ்/எண்ணூர்/கேட்2' விதிக்கு வெளியே நின்றது. அது தெரியாத நான், விதிதான் இருக்கிறதே என்ற தைரியத்தில் பாதுகாப்பில்லாத கிளைகளை மொத்தமாக அழித்தேன். எண்ணூரும் சேர்ந்து போயிற்று.

கஜாவின் லேப்டாப்பில் பழைய நகல் இருந்தது. மூன்று நாள் வேலை மட்டும் வீண். ஆனாலும் மேலாளர் எல்லோரையும் உட்காரவைத்து, யார் செய்தது என்று கேட்டார். வியாசர்பாடியில் எங்கள் பிளாக்கில் கம்ப்யூட்டர் வேலைக்குப் போன முதல் ஆள் நான். அம்மா அதை எல்லா மாடிக்கும் சொல்லிவைத்திருந்தாள். வேலை போனால் அவளிடம் என்ன சொல்வது என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன்.

கஜா கையிலிருந்த சமோசாவைக் கீழே வைத்தார்.

"எழுதனது அவன். பாத்து ஓகே சொன்னது நானு. வேணாதது மாட்டுதான்னு பாத்தேனே தவிர, வேண்டியது நழுவுதான்னு பாக்கல. எழுதிக்கிறதா இருந்தா ரெண்டு பேரு பேரையும் எழுதிக்கோங்க சார்."

மேலாளர் யார் பெயரையும் எழுதவில்லை. கஜா தன் சமோசாவை முடித்துவிட்டு, பயத்தில் நான் தொடாமல் வைத்திருந்த என்னுடையதையும் எடுத்துக்கொண்டார். அன்றே விதிக்கு, சாய்கோட்டையும் தாண்டும் இரட்டை நட்சத்திரம் வந்தது. காகிதத்தில், சிக்கியே ஆக வேண்டிய பெயர்களுக்கு இன்னொரு பத்தியும் வந்தது.

அவர் நினைவாக என்ன வைத்திருக்கிறாய் என்று நேற்று ஒரு நண்பர் கேட்டார். வேலையை வைத்திருக்கிறேன். ஏழு வருடமாக.