பிள்ளையார் சுழி போட்ட எஃகுத் துண்டு

பத்திரிகை வேலைக்குப் போவதற்கு முன், எண்பதுகளில், ஓசூரில் ஒரு சிறு தொழிற்சாலையில் தர ஆய்வாளராக இருந்தேன். அணு உலை ஒன்றுக்கு எஃகுத் துண்டுகள் செய்துதரும் ஆர்டர் வந்தது. சுண்டுவிரல் நீளம், நடுவில் ஒரு வெட்டு. உலைச் சுவரை ஒட்டி இவற்றை வைப்பார்கள். சில ஆண்டுகள் கழித்து எடுத்து, சுத்தியலால் அடித்து உடைத்துப் பார்ப்பார்கள்.

உலைக்குள் பாயும் நியூட்ரானுக்கு மின்னூட்டம் இல்லை. உலோகத்துக்குள் தடையின்றி நுழைந்து அணுக்களை இடித்துத் தள்ளும். இடிபட்ட அணு அடுத்ததை இடிக்கும். பெரும்பாலானவை மீண்டும் ஓரிடத்தில் அமர்ந்துவிடும், சில அமராது. வெளியே ஒன்றும் தெரியாது. எஃகு கடினமாகி, வளைய வேண்டிய நேரத்தில் கண்ணாடிபோல் உடையும். சுவருக்கு முன்னால் இருந்து அதிகம் இடிபடுவதால், சுவரின் கதியைத் துண்டு முன்கூட்டியே சொல்லும். அதனால் துண்டில் வேறு கீறல் கூடாது. அடையாள எண்ணைக்கூட முனையில்தான் பொறிக்க வேண்டும்.

மில்லிங் மெஷினில் இருந்தவர் பாரூர்க்காரர். தற்காலிக ஊழியர். இந்த ஆர்டர் முடிந்தால் நிரந்தரம் என்று மேலாளர் சொல்லியிருந்தார். எந்த வேலையிலும் முதல் உருப்படியில் கீறுகோலால் பிள்ளையார் சுழி போடுவது அவர் வழக்கம். மற்ற பாகங்களில் அது பெயின்ட்டில் மறைந்துவிடும். இங்கே வெட்டுக்குப் பக்கத்திலேயே போட்டிருந்தார். நிராகரித்தேன்.

"தேச்சா போயிடும் சார்."

"தேச்சா அளவும் போயிடும். கீறல்லதான் விரிசல் புடிக்கும்."

"சாமி எழுத்து சார். உள்ள கெடந்து அடி வாங்கப்போற பொருளு, தொணைக்கு இருக்கட்டுமே."

நிராகரித்ததைப் பதிவேட்டில் எழுதினேன். அவர் அதைத் தன் பக்கம் திருப்பினார்.

"உங்க நோட்டுல மேல போட்டுருக்கீங்களே, அது இன்னா?"

அதுவும் பிள்ளையார் சுழிதான்.

"அது பேப்பர்."

"ஓகோ. உங்க பேப்பருக்குப் புள்ளையாரு வேணும், என் இரும்புக்கு வேணாம். பெரிய ஆபீசரு!"

"ஒண்ணுதானேய்யா, பாஸ் போடு" என்றார் மேலாளர். போடவில்லை. வாடிக்கையாளர் தந்த எஃகில் உபரி கிடையாது. எண்ணிக்கை குறைந்தது, ஆர்டர் வேறு பட்டறைக்குப் போனது. மேலாளர் பாரூர்க்காரரை அந்த வாரமே வேலையிலிருந்து நிறுத்தினார்.

சில ஆண்டுகள் கழித்து, கிருஷ்ணகிரி பஸ்ஸில் அவர் என் பக்கத்து இருக்கையில் வந்து உட்கார்ந்தார். வேட்டியில் கரும்புத் தோட்டத்துச் சேறு. பஸ் நகர்ந்த பிறகுதான் என்னைப் பார்த்தார்.

"இன்னா சார், அந்தத் துண்டெல்லாம் ஒடைச்சிப் பாத்துட்டாங்களா?"

"தெரியல."

"தெரியாதா? என் பொழப்பு போனது அதுக்குத்தானே சார்!"

எழுந்துவிட்டார். என் பக்கத்து இருக்கை காலியாகவே இருந்தது. கிருஷ்ணகிரி வரை நின்றுகொண்டே வந்தார்.